நடுவில் கம்பி வேண்டாம்

படுக்கையில் விழுந்தவர்களின் வீடு தேடிப் போய், புண்ணைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டுப் போட்டுவிட்டு வருவது அவள் வேலை. ஆஸ்பத்திரியில் அவளை சிஸ்டர் என்பார்கள். மேட்டுத் தெருக்காரர்களுக்கு மட்டும் அவள் கட்டுக்காரி. முதலில் அந்தப் பெயர் அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. யாருக்கும் கதவு திறக்காத வீடுகள்கூட அந்தப் பெயரைக் கேட்டதும் திறந்ததால் பேசாமல் இருந்துவிட்டாள்.

பொறுமைக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். ஊறிப்போன துணியைப் புண்ணிலிருந்து பிரிக்கும்போது மட்டும் அவள் விரல்களுக்கு உலகத்தின் நிதானமெல்லாம் வந்துவிடும். கட்டு முடிந்த மறுகணம், மாத்திரையை ஏன் சாப்பிடவில்லை, ஜன்னலை ஏன் சாத்தி வைத்திருக்கிறீர்கள், இந்தத் தலையணையை எந்த யுகத்தில் துவைத்தீர்கள் என்று வீட்டையே ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் இறங்குவாள்.

அவளுடைய இடுப்பு மூட்டைத்தான் போன வருடம் மாற்றினார்கள். நடக்கலாம், உட்காரலாம். காலை மட்டும் பக்கவாட்டில் வீசித் தூக்கக் கூடாது. தூக்கினால் மூட்டு நழுவிவிடும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். சைக்கிள் மிதித்து மேடேறுவதும் கூடாது. நடந்தே போவதால் மேட்டின் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிடுகிறது. ஸ்கூட்டர் வாங்கலாம்தான். ஆனால் மேட்டுக்குப் போகிற வழியில் இரண்டு இடத்தில் படிக்கட்டு. ஓரத்தில் ஒரு சறுக்குப் பாதை, அதில் வண்டியைத் தள்ளித்தான் ஏற்ற வேண்டும். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு ஏறுவதற்குள் அவளையே ஒருவர் தள்ள வேண்டியிருக்கும்.

ஆஸ்பத்திரி மேற்பார்வை அம்மா நல்லவர்தான், ஆனால் கணக்கானவர். மாதக் கடைசிக்குள் பகல் வெளிச்சத்தில் எல்லா வீட்டையும் முடித்துக் காட்டினால் மேட்டுத் தெரு அவளுக்கு. இல்லையென்றால் கீழே பதிவு மேசை என்று சொல்லிவிட்டார். பதிவு மேசை என்றால் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நாள் முழுக்க டோக்கன் எண்ணைக் கூப்பிடுவது. அதற்குப் பதில் தன்னையே ஒரு கட்டிலில் போட்டுக் கட்டிவிடலாம் என்று அவள் புருஷனிடம் புலம்பினாள்.

அப்போதுதான் தம்பி வாயைத் திறந்தான். அவன் வெல்டர். கேட்டு, கிராதி, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்பவன். சைக்கிளில் மாட்டுகிற சின்ன இன்ஜின் ஒன்று பெட்டியோடு கிடைக்கிறது, அதை மாட்டித் தருகிறேன், நீ ராணி மாதிரிப் போகலாம் என்றான். அவள் நம்பினாள். அதுதான் அவள் செய்த முதல் தப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். பட்டறையில் ஒரு ஆம்பளை சைக்கிள் நின்றது. முக்கோணச் சட்டத்துக்குள் இன்ஜின், அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. பெட்ரோல் டேங்க் மேல் கம்பியில் குதிரை ஏறியிருந்தது. தம்பி அதை நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்துக்கொண்டான்.

"நான் இதுல எப்படிடா ஏறுவேன்?"

சைக்கிளைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஏறலாம் என்றான். இல்லையென்றால் ஒரு கல்லின் மேல் நின்று ஏறலாம் என்றான்.

"வீட்டுக்கு வீடு கல்லையும் தூக்கிட்டுப் போகவா? மருந்துப் பைய உன் தலையில வெச்சுக்கிறியா?"

இன்ஜினுக்கு முக்கோணம் வேண்டுமாம். லேடீஸ் சைக்கிளில் முக்கோணம் கிடையாதாம். இன்ஜினுக்கு என்ன வேண்டும் என்பதை அவன் விரல் விட்டு எண்ணிச் சொன்னான். இன்ஜினுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகியிருந்தால் இன்னும் அக்கறையாகப் பார்த்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

சரி என்று இருவரும் பழைய சைக்கிள் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் சைக்கிள்களைக் கூரையில் வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்பார். லேடீஸ் சைக்கிள் எல்லாம் பின்பக்க மூலையில், டயர்க் குவியலுக்கு அடியில். முதலில் ஒரு அலுமினிய சைக்கிளை ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினார். தம்பி வேண்டாம் என்றான்: இன்ஜின் அதிர்வில் அலுமினியம் விரிசல் விடும், விட்டால் என் பட்டறையில் ஒட்டவும் முடியாது. அன்று அவன் பேசிய ஒரே உருப்படியான பேச்சு அது. பிறகு அழகாக வளைந்த கம்பியோடு இரும்பு சைக்கிள் ஒன்று வந்தது. அவள் காலை அப்படியே நுழைத்துப் பார்த்தாள். நுழைந்தது. இதுவே போதும் என்றாள். அதை வாங்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்ததும் தம்பி அதன் பெடலில் ஏறி ஒரு அழுத்து அழுத்தினான். பிரேம் இடுப்பை நெளித்தது. "இது ஆடுதுக்கா. கவலைப்படாத, நான் பாத்துக்கிறேன்" என்றான்.

அந்த வாக்கியத்தைக் கேட்டதுமே அவள் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

வார நடுவில் கூப்பிட்டான். அவள் மருந்துப் பையோடு, புருஷனையும் கூட்டிக்கொண்டு போனாள். சைக்கிள் பளபளவென்று சிவப்பு வண்ணத்தில் நின்றது. இன்ஜின் இருந்தது. டேங்க் இருந்தது. டேங்குக்குக் கீழே, ஹேண்டில்பாரின் கழுத்திலிருந்து சீட்டு வரை, நேராக, தடிமனாக, ஒரு குறுக்குக் கம்பியும் இருந்தது. பற்றவைத்த தடம்கூடத் தெரியாமல் ராவித் தேய்த்திருந்தான்.

எங்கே சந்து தெரிந்தாலும் அங்கே ஒரு கம்பி வைப்பதுதான் அவன் பிழைப்பு. கேட்டில் வைப்பான், ஜன்னலில் வைப்பான், கிணற்று வாயில் வைப்பான். திறந்து கிடக்கிற இடத்தைக் கண்டால் அவன் கைக்கு அரிப்பு எடுக்கும். எந்தச் சந்துக்காகக் கடையைக் குடைந்து அந்த சைக்கிளை வாங்கினார்களோ, அந்தச் சந்தைத்தான் அடைத்து வைத்திருந்தான்.

"இப்ப யானை ஏறினாலும் ஆடாது" என்றான்.

"நல்லா உறுதியா இருக்கே" என்றார் புருஷன். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வருவதாகக் கிளம்பிவிட்டார்.

கத்துவதற்கு வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். இவனிடம் இத்தனை நாள் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. இன்னொரு முறை ஊதி என்ன பயன்? பையைத் திறந்தாள். எலும்பு முறிந்தவர்களுக்கு வைக்கிற நீளப் பலகையை எடுத்தாள்.

"ஸ்டூல்ல சாஞ்சு நில்லு. வலது காலை நீட்டு."

சூட்டுக் காயம் ஏதாவது அக்கா கண்ணில் பட்டுவிட்டதாக்கும் என்று நினைத்து அவன் சமத்தாக நின்றான். இடுப்பிலிருந்து முட்டிக்குக் கீழ் வரை பலகையை வைத்து அவள் கட்டத் தொடங்கினாள். நிதானமாக, ஒரு சுற்றின் மேல் பாதிக்கு அடுத்த சுற்று ஏறும்படி, எந்த வீட்டில் எந்த நோயாளிக்கும் போட்டதைவிட நேர்த்தியாகக் கட்டினாள். முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இப்ப ஏறு."

சிரித்துக்கொண்டேதான் போனான். கால் மடங்கவில்லை. பின்பக்கமாக வீசிப் பார்த்தான். பாதி உயரத்துக்குமேல் எழவில்லை. சைக்கிளைச் சாய்த்தான். டேங்கைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தினான். தத்தினவன் சைக்கிளோடு சேர்ந்து கிராதிக் கம்பிகள் மேல் சரிந்தான். விழுந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் கிடந்தான். மூக்குக்கு நேரே அந்தக் குறுக்குக் கம்பி.

"அக்கா, காலு எழும்பவே மாட்டேங்குது."

"எனக்கு தினமும் அப்படித்தான்டா."

அவன் எழுந்து உட்கார்ந்து கட்டை அவிழ்க்கப் போனான். அவள் கையைத் தட்டிவிட்டாள். வேறு சைக்கிள் பார்த்து எடுக்கிற வரை இது காலிலேயே இருக்கட்டும் என்றாள்.

அப்படியே அக்காவோடு விந்தி விந்திப் பழைய சைக்கிள் கடைக்குப் போனான். வழியெல்லாம் விசாரிப்பு. எங்கே விழுந்தாய், எப்போது விழுந்தாய், யார் கட்டுப் போட்டது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கடைக்காரர் விஷயம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சிஸ்டர், எனக்கு நாக்குல ஒரு கட்டுப் போட்டு விடுங்க, என் வீட்டுக்காரி உங்களக் கும்பிடுவா" என்றார்.

தம்பி சிரிக்கவில்லை. மூலையில் இருந்த லேடீஸ் சைக்கிள் ஒவ்வொன்றையும் இழுத்துப் போட்டு, கட்டுப் போட்ட காலை நுழைத்துப் பார்த்தான். ஒன்றில் கம்பி தாழ்வுதான், ஆனால் சீட்டு உயரம். நிறுத்தினால் தரையில் கால் ஊன்றவில்லை. இன்னொன்றில் செயின் மூடி தடுக்கியது. இன்ஜினை எங்கே வைப்பது என்று அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அவளுக்கு அதுவே அதிசயமாக இருந்தது.

கடைசியில் கடைக்காரர் பஞ்சர் ட்யூப்களைத் தொங்கவிட்டிருந்த ஒரு பழைய சைக்கிளைக் கண்டான். சாமான் கொண்டுபோய்ப் போடுகிறவர்கள் ஓட்டுகிற வகை. மணிக்கட்டுத் தடிமனில் ஒரே ஒரு குழாய், கழுத்திலிருந்து இறங்கிப் பெடலுக்குப் பக்கத்தில் தரையைத் தொடுகிற மாதிரிப் போனது. முன்னால் பெரிய கூடை. பின்னால் ஆள் உட்காரும் அளவு கேரியர். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. மரத்துப்போன காலோடு அவன் அதற்குள் நுழைந்தான், உட்கார்ந்தான், ஊன்றினான், இறங்கினான். மறுபடி ஒருமுறை ஏறி இறங்கினான்.

பெடலை அழுத்திப் பார்த்தான். நெளியவில்லை. பிறகுதான் இன்ஜின் ஞாபகம் வந்தது. முக்கோணம் இல்லாததால் கேரியருக்கு அடியில் பின் சக்கரத்தோடு மாட்டலாம், ஆனால் பின்கனம் கூடிப் போய் மேட்டில் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளுமே என்று தாடையைச் சொறிந்தான்.

"என் பை எவ்வளவு கனம்னு நீ ஒரு தடவைகூடக் கேக்கலையே" என்றாள். தூக்கிக் கூடைக்குள் வைத்தாள். சைக்கிள் முன்பக்கம் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. அவன் பையைத் தூக்கிப் பார்த்தான். மறுபடி வைத்தான். இதைச் சுமந்துகொண்டா அந்த மேட்டில் ஏறினாய் என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கடைக்காரரிடம் விலை பேசப் போனான்.

மாதக் கடைசியில் மேற்பார்வை அம்மா நேரில் பார்க்க வந்தார். இவள் இன்ஜினை அணைத்து, சறுக்குப் பாதையில் சைக்கிளைத் தள்ளி ஏற்றி, மறுபடி உட்கார்ந்து போய்க்கொண்டே இருந்தாள். அவர் ஸ்கூட்டரைப் படிக்கட்டுக்குக் கீழே விட்டுவிட்டு நடந்து வந்தார். வெயில் சாய்வதற்கு வெகு நேரம் முன்பே கடைசி வீடு. அங்கே படுத்திருந்த பெரியவருக்குத்தான் மனக்குறை. முன்பெல்லாம் நீ வந்து எழுப்பினால்தான் தெரியும், இப்போது கீழ்த் தெருவில் இன்ஜின் சத்தம் கேட்கும்போதே எனக்குப் புண் வலிக்க ஆரம்பித்துவிடுகிறது என்றார்.

"வலிக்கட்டும். அதுக்குள்ள மாத்திரையப் போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டுக் கட்டை முடித்தாள்.

மேற்பார்வை அம்மா மூச்சு வாங்க வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பெரியவரின் காலில் இருந்த புதுக் கட்டைப் பார்த்தார், வெளியே நின்ற சைக்கிளைப் பார்த்தார். மேட்டுத் தெரு உங்களுக்கே என்றார். அவள் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்ததும் வந்துவிட்டது.

"இவ்வளவு சீக்கிரம் முடியுதுன்னா, பள்ளத்துத் தெருவையும் நீங்களே சேத்துப் பாத்துடலாமே?"

அவள் துண்டை உதறிக் கொடியில் போட்டாள். இந்த ஜனங்களுக்கு ஒரு சந்து தெரிந்துவிடக் கூடாது, உடனே எதையாவது கொண்டுவந்து அடைத்துவிடுவார்கள்.

"முடியாதுங்கம்மா. மிச்ச நேரத்துல இவங்ககிட்ட நாலு வார்த்தை திட்டணும், அதுக்கே போதல."

பெரியவர் கட்டிலிலிருந்து அது உண்மைதான் என்று சாட்சி சொன்னார். மேற்பார்வை அம்மா யோசிப்போம் என்று சொல்லித் திண்ணையில் உட்கார்ந்தார். அவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவள் ஜன்னலைத் திறக்கப் போனாள். அது வழக்கம்போல் சாத்தியிருந்தது.