காத்தாயி ஊனாத கால்

இலங்கையில் ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் செங்குத்தான மேல்மலை என்றாலே பாதிப் பேர் பின்வாங்குவார்கள். கொழுந்து நிறைந்த கூடையோடு அந்தச் சரிவில் மற்றப் பெண்கள் தேயிலைச் செடியைப் பிடித்துப் பிடித்து இறங்குவார்கள். காத்தாயி கையை வீசிக்கொண்டு இறங்குவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருக்கட்டுமே, திமிர் பிடிக்க அவளுக்கு வேறென்ன வைத்திருந்தார்கள்?

அந்தத் திமிரில் மண்ணைப் போட்டது ஒரு குளவிக்கூடு. கூடு கலைந்ததும் பெண்கள் கூடையை எறிந்துவிட்டு ஓட, காத்தாயி உயரமான மண்கரையிலிருந்து கீழ்ப் பாதைக்குக் குதித்தாள். வலது குதிகால் ஒரு கல்லின்மேல் இறங்கியது. குளவி கொட்டினதெல்லாம் மறந்துபோகிற மாதிரி வலி.

புருஷன் கணபதி அவளை முறிவு வைத்தியரிடம் கொண்டுபோகத்தான் நின்றான். எலும்பு முறிந்தால் எண்ணெய் போட்டு இறுக்கிக் கட்டுவதுதான் தோட்டத்து வழக்கம். காத்தாயியின் அண்ணனுக்கும் குதிகாலில் அப்படித்தான் கட்டினார்கள். அவர் இன்றைக்கும் சமதரையில்கூடச் சாய்ந்து சாய்ந்து நடக்கிறார்.

"நான் மறுபடி மேல்மலை ஏறணுங்க. மாத்தளை ஆஸ்பத்திரிக்குத் திரீவீல் கூப்பிடுங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸஹ்னா எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். குதிகால் எலும்பு நொறுங்கி அமுங்கியிருந்தது. பெரிதாகக் கிழித்தால் அந்த இடத்துத் தோல் லேசில் ஆறாது. அதனால் சின்னத் துளைகள் போட்டு, எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே எலும்பை நிமிர்த்தி ஆணி முடுக்கப்போவதாகச் சொன்னார்.

"வெளிய காயம் சின்னதா தெரியும்மா. அத நம்பிறாதீங்க. நான் சொல்ற வரைக்கும் அந்தக் கால ஊனக்கூடாது. ஊனினா நிமித்தி வச்சது திரும்ப அமுங்கிரும்."

காத்தாயி சரியென்று தலையாட்டினாள். ஆட்டிய தலைக்கு ஒரு மரியாதை வேண்டுமல்லவா?

தையல் பிரித்து வீட்டில் இருந்தவளைப் பார்க்க, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் அந்த லயமே வந்தது. குதிகாலில் நகம் கீறினது போலச் சில தழும்புகள், அவ்வளவுதான். அங்கே காயத்தின் நீளத்தை வைத்துத்தான் நோய்க்கு மதிப்பு. வயிற்றைக் கிழித்துப் பிள்ளை பெற்றவளே இதற்குள் மலைக்குப் போயிருப்பாள், இந்தக் கீறலுக்கு இவள் இன்னும் உட்கார்ந்திருக்கிறாளே என்று கீழ் லயத்துச் செவனம்மா தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் சொன்னது காத்தாயியின் காதுக்கு வந்தது. ஒருநாளும் சும்மா இருந்தறியாதவளுக்குச் சோம்பேறிப் பட்டம். அன்று நன்றாக அழுதாள். எழுந்து நடந்து காட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் காலை ஊனவில்லை.

அந்தச் சமயத்தில் செவனம்மாவின் மாமியார் இறந்துபோனார். எழவு வீட்டுக்குப் போகாமல் இருப்பது லயத்தில் ஆகாத காரியம். மழையில் படிகளெல்லாம் பாசி, ஊன்றுகோல் வழுக்கும். தூக்கிக்கொண்டு போக வந்த கணபதியை, நீங்களும் விழுந்து வைக்காதீங்க என்று தடுத்துவிட்டு, காத்தாயி வாசலிலேயே உட்கார்ந்தாள். வலது காலை முன்னால் நீட்டித் தூக்கிப் பிடித்தபடி, உட்கார்ந்து உட்கார்ந்தே ஒவ்வொரு படியாகக் கீழ் லயம் வரைக்கும் இறங்கினாள். சேலையெல்லாம் சேறு. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. செவனம்மா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகை முழுக்க மாமியாருக்கானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிறகு டாக்டர் புதுப்படம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊனலாம் என்றார். காத்தாயி முதலில் வாசலில் நடந்தாள், பிறகு ரோட்டில். வேலைக்குப் போன அன்று கங்காணி பாவம் பார்த்து, கொழுந்து பறிக்க அடிவாரத்துச் செடி நிரையைக் கொடுத்தார். அவள் வேண்டாமென்று மேல்மலையில் தன் பழைய நிரைக்கே ஏறினாள்.

ஏறினது பெரிதில்லை, இறங்க வேண்டுமே. கூடை நிறைந்ததும் கீழே பெண்கள் நின்றுவிட்டார்கள். காத்தாயி முதலில் செடியைப் பிடித்தாள். குதிகால் கடுத்தது, ஆனால் தாங்கியது. செடியை விட்டாள். முன்னைப் போல வேகமில்லை, என்றாலும் கையை வீசிக்கொண்டுதான் வந்தாள்.

செவனம்மா குனிந்து அவள் குதிகாலைப் பார்த்தாள். தழும்பே தெரியவில்லையே அக்கா என்றாள்.

"டாக்டரம்மா தச்சது கொஞ்சந்தான்டி" என்றாள் காத்தாயி. "மிச்சத்த நான் ஒக்காந்து தச்சேன்."