பெயரில்லாத ரத்தம்

என் அக்காவுக்கு ஆபீசில் மோப்பக்காரி என்று பட்டப்பெயர். வாழ்நாளில் ஒரு ரசாயனத்தையும் அவள் முகர்ந்து பார்த்ததில்லை. எவரெவரோ பொதுவில் போட்டுவைத்த மரபணுத் தரவுகளைக் கம்ப்யூட்டரில் திறப்பாள். ஒரு ரசாயனம் உடம்புக்குள் போனால் எந்த மரபணு துள்ளுகிறது, எது அடங்கிப்போகிறது என்று பார்த்து, அந்தத் தடத்தை ரசாயனத்தின் பெயரோடு கோத்துவைப்பாள். எது விஷம் என்று ஆராய்கிறவர்கள் அதை எடுத்துக்கொள்வார்கள். கண்ணாடி தடித்ததுதான் மிச்சம் என்பாள் அம்மா.

"பேரே இல்லாதவங்க ரத்தத்தோட பேசிக்கிட்டிருக்கியே, பயமா இல்லையா?" என்று நான் கேலி செய்வேன்.

"பேர் இருக்கிறவங்கதான் பொய் சொல்லுவாங்க," என்பாள்.

அன்று சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே குளியலறைக்குப் போய் ஜன்னலைத் தள்ளிப் பார்த்தாள். பெயிண்ட் அடித்தபோதே ஒட்டிக்கொண்ட ஜன்னல் அது. வாளியில் என் கணவரின் வேலைச் சட்டைகள் வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்தன. அவருக்குச் செருப்புத் தொழிற்சாலையில் பசை ஒட்டும் வேலை. வீடெல்லாம் நாறக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டுதான் துவைப்பேன்.

"எப்பவும் இப்படித்தான் துவைப்பியா?"

"பின்னே, தெருவிலயா துவைப்பேன்?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

அவள் வாளியையே பார்த்தபடி சொன்னாள். பசைத் தொழிலாளர்களின் ரத்தமும், ஒப்பிட்டுப் பார்க்கப் பசைப் பக்கமே போகாதவர்களின் ரத்தமும் சேர்ந்த தரவு ஒன்று அவளிடம் வந்திருந்தது. பசையில் கலக்கும் திரவத்தின் தடம் தொழிலாளர்களிடம் மங்கலாகவும் மற்றவர்களிடம் பளிச்சென்றும் இருந்தது. ரத்தம் பிடித்த சோதனைக் குழாய்களில் ஒட்டிய சீட்டு மாறிவிட்டது என்று நினைத்தாள். அவள் தொழிலில் சகஜமான தப்புதான். திருத்தும் முன் ஒரு மரபணுவைப் பார்த்தாள். பெண்களிடம் மட்டும் விழித்திருப்பது அது. தொழிலாளர்கள் எல்லாரும் ஆண்கள். தடம் பளிச்சென்று இருந்த ஒவ்வொருவரிடமும் அது விழித்திருந்தது.

"சீட்டு மாறலடி. ஒப்பிட எடுத்ததெல்லாம் அவங்க பொண்டாட்டிங்க ரத்தம். ஃபேக்டரியில முகமூடி இருக்கு, பெரிய ஃபேன் இருக்கு..." மறுபடி ஜன்னலைப் பார்த்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நானும் ரத்தம் கொடுத்திருக்கிறேன். தொழிற்சாலை வாசலில் மேசை போட்டு எடுத்தார்கள். 'நீங்க சும்மா ஒப்பிடத்தாம்மா' என்று சொல்லிப் பழச்சாறு வேறு கொடுத்தார்கள்.

"பேர்தான் இல்லையே. நான் யாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒருத்திக்கு மட்டும் மூணு மாச கர்ப்பம்னு போட்டிருக்கு," என்றாள். "எல்லாரையும் விடப் பளிச்சுனு இருக்கிறது அவதான்."

கூடத்தில் என் மகள் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டரை வயதாகியும் அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. சில பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

வாசலில் சாவி திரும்பியது. தினமும் போல அவள் எழுந்து ஓடினாள். அப்பாவின் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொள்வதற்காகத்தான் அவள் நாள் முழுக்கக் காத்திருப்பாள்.

"கிட்ட போகாதே," என்று நான் கத்திய கத்தலில் அவள் நடுவழியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவர் விரித்த கை விரித்தபடியே நின்றது.

"என்னாச்சு? நான்தானே," என்றார்.