பதினெட்டு சென்டிமீட்டர்

பதினெட்டு சென்டிமீட்டர். இன்ஸாஃபின் இடது மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை அவ்வளவுதான் தூரம். அறுந்து தைக்கப்பட்ட நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, இன்ஸாஃப் காலையில் காபி ஆறுவதற்குள் உள்ளங்கையைத் தட்டிக்கொண்டே போவார். எங்கே சுரீரென்கிறதோ, நரம்பு அன்றைக்கு அதுவரை வந்திருக்கிறது. எதிர் பால்கனிகளிலிருந்து விசாரிப்பார்கள். "ஆள்காட்டி விரல், ரெண்டாவது கணு. சோம்பேறிப் பய, நடந்துதான் வர்றான்" என்பார்.

பிறகு அரிசி. கண்ணைத் துணியால் கட்டி, மடியில் தட்டை வைத்து, தொடுவதை வைத்தே கல் பொறுக்க வேண்டும். தூங்கி எழுந்த விரலுக்கு எது எதுவென்று மறுபடி சொல்லிக்கொடுக்கும் பயிற்சி அது. முஹர்ரம் பே என்ற நகரப் பகுதியில் அவர் குடியிருக்கும் ஐந்து மாடிக் கட்டடத்தின் அரிசி முழுவதும் பால்கனிகளில் கயிறு கட்டி ஏற்றி இறக்கும் கூடைகளில் இரண்டாம் மாடிக்கு, அவரிடம் வந்து சேரும்.

நாற்பத்தாறு வயது இன்ஸாஃப், குழந்தைகள் வார்டு நர்ஸ். கைக்குழந்தையின் ரத்தக்குழாய் கண்ணுக்குத் தெரியாது. பத்தொன்பது வருடமாக அதைத் தேடிக் கண்டுபிடித்தது அந்த இடது ஆள்காட்டி விரல்தான். பிப்ரவரியில் கழுவும்போது உடைந்த டீ கிளாஸ் மணிக்கட்டில் இறங்கியது. அக்டோபருக்குள் விரல் தேறாவிட்டால் கோப்பு அறைக்கு மாற்றம் என்று மருத்துவமனை எழுதிவிட்டது.

ஆரம்பத்தில் கல்லுக்கும் அரிசிக்கும் அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. நாலாம் மாடி டிராம் கண்டக்டர் ஃபத்ஹல்லாவின் கடைவாய்ப்பல் ஒரு மீன்சோற்றில் உடைந்தது. மறுநாளும் அவர் கூடை வந்தது. "பல்லு போனா போகட்டும் அக்கா, விரல் வரட்டும்."

போன செவ்வாய்க்கிழமை ஒரு கல்லை உருட்டிக்கொண்டே இருந்தவர் நிறுத்தினார். துணியை அவிழ்க்கவில்லை.

"இது கல்லு இல்ல. செங்கல். நம்ம மாடிப்படியில உதிருதே, அது. எவ போட்டா?"

இப்போதெல்லாம் கடை அரிசியில் கல் ஏது? மாதக்கணக்கில் வீட்டுக்கு வீடு பொடிக்கல் தேடிப் பொறுக்கிக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கூடையை வாங்க வந்த பக்கத்து வீட்டு அம்மா உம்மு ஹாஸிம்தான் வாயைத் திறந்தார். "கல்லே இல்லாம அனுப்புனா நீ எதைத்தான் தேடுவியாம்?"

இன்ஸாஃப் உம்மு ஹாஸிமின் பருத்த கையை இழுத்துச் சட்டைக் கையை மேலே தள்ளினார். எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் நாலு குத்துக்குக் குறையாமல் ரத்தம் தராத கை அது. விரல் முழங்கை மடிப்பில் மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் நின்றது.

"இங்கதான் ஒளிஞ்சிருக்கு. அடுத்த தடவை இங்கயே குத்தச் சொல்லு."

சொல்லிவிட்டும் கையை விடவில்லை. உம்மு ஹாஸிமும் இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மருத்துவமனையிலும் சோதித்துப் பார்த்தார்கள். வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இன்ஸாஃப் குழந்தைகள் வார்டில் வேலைக்குத் திரும்புகிறார். முதல் வாரம் மட்டும் மூத்த நர்ஸ் ஒருவர் பக்கத்தில் நிற்பார்.