தேவராஜ் சாரின் தும்மல்

போன வாரம் திண்டிவனத்தில் ஒரு மாவு மில்லுக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் யாரோ காய்ந்த மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே கால் வைத்ததுமே கண்ணும் மூக்கும் எரிந்தன. வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேரும் ஆளுக்கொரு சுருதியில் தும்ம ஆரம்பித்தோம். மில்காரர் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் அடுத்த ஆளின் கேப்பையை எடுத்துக் கொட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் சாதாரணத் தும்மல்கள்தான். அச், ஆச், இச். ஒன்றிலாவது உயிர் இருக்க வேண்டுமே! எனக்குப் பிழைப்பு கொடுத்த தும்மல் நினைவுக்கு வந்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

நான் வீடியோ கேம்களுக்கும் சினிமாவுக்கும் கம்ப்யூட்டரில் இசையும் சத்தங்களும் செய்கிறவன். இதை இங்கே யாருக்காவது விளக்கிச் சொல்வதற்குள் ஒரு படத்துக்கே பின்னணி இசை போட்டு முடித்துவிடலாம். வேலை கிடைத்த புதிதில் என் சித்தப்பா கேட்டார்.

"கேம்ல சத்தம் தானா வராதா?"

"யாராவது போடணும் சித்தப்பா."

"ஃபேன்லகூடத்தான் சத்தம் வருது. அத யாரு போடறா?"

நான் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினேன்.

எனக்கு வேலை கொடுத்தது சென்னையில் ஒரு சின்ன கம்பெனி. வீட்டிலிருந்தே செய்து அனுப்பலாம் என்றார்கள். எங்கள் வீடு திண்டிவனத்தில் மெயின் ரோட்டு மேலேயே இருந்தது. இளவரசி தோட்டத்தில் உலாவும் காட்சிக்குப் புல்லாங்குழல் ஊதவைத்தால், நடுவில் விழுப்புரம் போகிற பஸ் ஹார்ன் அடிக்கும். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அமைதி தேடி விழுப்புரத்தில் ஒரு மாடி அறைக்குக் குடிபோனேன். அமைதி தேடிப் போனவன் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்தேன் என்பதிலிருந்தே என் புத்திசாலித்தனத்தை நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்காரர் தேவராஜ் சார். ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சரோஜா அம்மா. மகளைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பிவிட்டு, கீழே இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். என் கஷ்டத்தைக் கேட்டதும் சார் சொன்னார்: "அட, பஸ்ஸு மாதிரியா ரயிலு? அதுக்கு டைமு இருக்குதில்ல? நான் சொல்றேன், நீ பண்ணு." சொன்னபடி செய்தார். ஒரு வண்டி போனதும் கீழேயிருந்து, "தம்பி, பதினேழு நிமிஷம் இருக்கு, ஜல்தி ஜல்தி!" என்று குரல் கொடுப்பார். நான் மைக்கை ஆன் செய்வேன். தாமதமாக வருகிற வண்டிகளைக்கூட எப்படியோ மோப்பம் பிடித்துவிடுவார்.

அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத சத்தம் ஒன்றே ஒன்று. அவருடையது.

அந்தத் தும்மல் ஒரே மூச்சில் முடிகிற விஷயம் இல்லை. முதலில் காற்றை இழுப்பார். கொடியில் காயும் துணியெல்லாம் அவர் பக்கம் திரும்பியதாக நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. பிறகு ஒரு நிறுத்தம். வராது போலிருக்கிறது என்று நாம் ஆறுதல் அடையும்போது வரும்: "ஹாஆஆ... ட்ச்சீய்ங்ங்!" அந்தக் கடைசி "ங்" தெருமுனைவரை போய்த்தான் ஓயும். பெரும்பாலும் காலை வேளைகளில், நாலிலிருந்து ஆறு தும்மல்.

அப்போது நான் செய்துகொண்டிருந்த கேமில், செஞ்சிக் கோட்டை மாதிரி ஒரு மலைக்கோட்டை. ஐந்தாவது வாசலில் ஓர் அரக்கன். அவன் செத்து விழுகிற சத்தம் வேண்டும். கம்ப்யூட்டரிலேயே சத்தம் உண்டாக்குகிற சிந்தசைஸரில் நான் செய்த சாவெல்லாம் மிக்ஸியில் தேங்காய் அரைக்கிற மாதிரி இருந்தது. கடைசியில் சரோஜா அம்மாவிடம் ஒரு பித்தளை அண்டாவை வாங்கி வந்து, தரையில் இழுத்துப் பதிவு செய்தேன். அவசரத்தில் கேட்டுப் பார்க்காமல், கொஞ்சம் வேகத்தைக் குறைத்து, குகை எதிரொலி சேர்த்து அனுப்பிவிட்டேன். அண்டா இரைச்சலில் என் காதில் விழாத சாரின் தும்மலும் அதோடு போய்விட்டது எனக்குத் தெரியாது.

மறுநாள் கம்பெனியிலிருந்து என் மேலதிகாரி நிவேதா கூப்பிட்டார். "அந்த சாவு சத்தம் எங்கேர்ந்து புடிச்சீங்க? ஆபீஸ்ல எல்லாரும் எழுந்து நின்னுட்டோம்."

போட்டுக் கேட்டேன். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. சாகிறவனின் கோபம், வலி, ஆச்சரியம் மூன்றும் அதில் இருந்தன. "சிந்தசைஸர்ல பண்ணேன் மேடம்" என்றேன். என் தொழிலில் நான் சொன்ன முதல் பொய் அது.

பொய் சொன்னால் அதற்குத் தீனி போட வேண்டும் இல்லையா? அரக்கன் விழிக்கிற சத்தம், உறுமுகிற சத்தம், காயம்பட்ட சத்தம் எல்லாம் இதே மாதிரி வேண்டும் என்றார்கள். மாடிப்படியில் மைக்கை வைத்துக் காத்திருந்தேன். சனியன், மூன்று நாளாக சாருக்குத் தும்மலே வரவில்லை. நாலாம் நாள் காலையில் சரோஜா அம்மாவிடம் போய், "ஊர்ல மிளகாப் பொடி கேட்டாங்கம்மா, கொஞ்சம் வறுத்துத் தர்றீங்களா?" என்றேன். "இன்னிக்கா? கிளியனூர் போவணுமே!" என்றவர், பாவம், என் முகத்தைப் பார்த்துவிட்டு வறுத்தே கொடுத்தார். சார் பதினோரு முறை தும்மினார். என் ஹெட்போனில் சொர்க்கம் திறந்தது.

அன்றைக்கு அவர்கள் கிளியனூர் போனது எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். சரோஜா அம்மாவின் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம்.

நடந்ததை சாரே பிறகு சொன்னார். காலையில் ஏறிய நெடி மூக்கை விட்டு இறங்கவே இல்லையாம். பஸ் முழுக்க அடக்கிக்கொண்டே போயிருக்கிறார். சரியாகத் தட்டு மாற்றும்போது, எல்லோரும் பேச்சை நிறுத்திய அந்த நொடியில், ஒரே ஒரு தும்மல். இரண்டாவது வந்திருந்தாலாவது தோஷமில்லை என்று சமாதானம் சொல்லியிருக்கலாம். வரவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டு, "சகுனம் சரியில்லீங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று எழுந்துவிட்டார்.

சரோஜா அம்மா கணவரோடு திரும்பி வரவில்லை. "உங்க மூக்கோட நீங்களே குடும்பம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கை வீட்டிலேயே தங்கிவிட்டார்.

அடுத்த இருபது நாளை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. சார் தினமும் உப்புமா கிண்டி எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைப்பார். "எத்தினி வருசமா தும்மறேன். இப்போ போயி கோச்சிக்கினு உக்காந்துட்டா" என்பார். மிளகாய் விஷயத்தைச் சொல்ல வாயைத் திறப்பேன். "உப்பு பத்தலியா?" என்பார். "இல்ல சார், நல்லாருக்கு" என்று மூடிக்கொள்வேன். உண்மையில் உப்பும் பத்தாது.

இதற்கிடையில் கேம் வெளியானது. நான் எதிர்பார்க்காத வேகத்தில் பரவியது. ஒரு நாள் மத்தியானம் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். சரோஜா அம்மா. மூச்சு வாங்க வாசலில் நின்றார்.

"தம்பி, எங்க வூட்டுக்காரர போன்ல போட்டு வெச்சிக்கிறியா நீ?"

கிளியனூரிலிருந்து திண்டிவனத்துக்குக் கடைக்குப் போக பஸ் ஏறியிருக்கிறார். உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் பின் சீட்டில் கணவரின் தும்மல். "வந்துட்டாரு, கூப்புடத்தான் வந்துக்கிறாருன்னு நெனச்சேன்ப்பா. ஒடனே திரும்பக் கூடாதுன்னு நாலு ஸ்டாப்பிங் கம்முனு வந்தேன். அப்புறம் மனசு கேக்கல. 'சரி, வாங்க இப்பிடி'ன்னு திரும்பறேன், நர்சிங் படிக்கிற பொண்ணு ஒண்ணு போனை வெச்சிக்கினு குத்து குத்துனு குத்திக்கினு இருக்குது!"

அந்தப் பெண்தான் எல்லாவற்றையும் காட்டியிருக்கிறாள். சரோஜா அம்மாவுக்குத் தெரிந்து விழுப்புரத்தில் கேமுக்குச் சத்தம் போடுகிறவன் ஒருவன்தான். திண்டிவனத்தில் இறங்கி, கடைக்குப் போகாமல், அடுத்த பஸ்ஸைப் பிடித்து நேராக வந்துவிட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அண்டா, பொய், மிளகாய் எல்லாமே. அறையைக் காலி செய்யச் சொல்வார் என்று மனதுக்குள் சாமான்களை அடுக்கவே ஆரம்பித்துவிட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மொதல்ல அதப் போடு, கேப்போம்."

போட்டேன். இன்னொரு முறை போடச் சொன்னார். மூன்றாவது முறை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்புட்டாரா?" என்றார்.

சாரை மேலே கூப்பிட்டோம். அவருக்கு அது தன் தும்மல் என்று நம்பவே முடியவில்லை. நம்பியதும் வந்ததே கோபம்! திருட்டுத்தனமாகப் பதிவு செய்ததற்கோ மிளகாய்க்கோ இல்லை. "ஏன்டா, என்னை சாவடிச்சிட்டியா? அந்த ஹீரோவுக்கு வெச்சிருக்கக் கூடாது என் தும்மலை?"

நிச்சயதார்த்தத்துக்கு மறுபடி நாள் குறித்தார்கள். இந்த முறை சார் வர வேண்டாம் என்பது இரு குடும்பத்தின் ஒருமித்த முடிவு. சாருக்கு மனசு கேட்காமல், என் அறையிலிருந்தே போனில் வீடியோ வழியாகப் பார்ப்பது என்று ஏற்பாடு. மியூட் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியது என் பொறுப்பு. தட்டைக் கையில் எடுத்தார்கள். சார் காற்றை இழுத்தார். நான் அமுக்கினேன். அறை அதிர்ந்தது. கிளியனூரில் ஒரு ஈ கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, தட்டு மாறியது. அதற்குப் பிறகு பெரிய பெரிய படங்களுக்கெல்லாம் வேலை செய்துவிட்டேன். அவ்வளவு துல்லியமாக இன்னும் எதையும் செய்ததில்லை.

சினிமாவுக்கு நான் போனதும் அந்த மூக்கின் வழியாகத்தான். முகையூர்ப் பக்கம் அறுவடை இயந்திரம் வாடகைக்கு விடுகிற ஒருவர் பேய்ப்படம் எடுத்தார். "பயமா இருக்கணும், ஆனா கொழந்தைங்க அழக் கூடாது" என்றார். தும்மலை எட்டு மடங்கு மெதுவாக்கிப் பேயின் பெருமூச்சாக வைத்தேன். தியேட்டரில் எனக்கு முன் வரிசையில் சாரும் சரோஜா அம்மாவும் ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். பேய் வரும்போதெல்லாம் அம்மா கணவரை முழங்கையால் இடித்து, "ஏங்க, நீங்க!" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் பேயைவிட்டு சாரைப் பார்த்துப் பயந்தார்கள்.

நான் இருந்தவரை அந்த வீட்டில் தினமும் ஒரு காட்சி. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் சரோஜா அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுப்பார். சார் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்ப்பார். அவருக்கு இரண்டாவது வாசலைத் தாண்டவே வராது. அந்த அம்மாவோ ஐந்து வாசலையும் தாண்டி, வாள் வீசி, கணவரைத் தீர்த்துக் கட்டிவிட்டுத்தான் தூங்கப் போவார். சாயங்காலம் என்னைப் பார்த்ததும் சார் பெருமையாகச் சொல்வார்: "இன்னிக்கு மூணு தடவ செத்தேன்ப்பா."

பிறகு நான் சென்னைக்குப் போனேன். சாருக்குப் புதுச்சேரியில் மூக்கில் ஏதோ ஆபரேஷன் செய்தார்கள். தும்மல் பூனைக்குட்டி தும்முவது மாதிரி ஆகிவிட்டது என்று போனில் வருத்தப்பட்டார். கேம் கம்பெனியையும் மூடிவிட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்த சார் எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து சரோஜா அம்மா கூப்பிட்டார். "புது போன்ல அந்த கேமு வரமாட்டேங்குதுப்பா." அது இனி எந்த போனிலும் வராது. சத்தத்தை மட்டும் என் போனில் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போனேன்.

கேட்டார். தலையை ஆட்டினார். "இது அரக்கன்ப்பா. நீ அண்டா, கொகை எல்லாம் கலந்து வெச்சிக்கிற. வெறும் அவரு இல்லியா?"

இல்லை. அந்தக் காலத்தில் ஹார்ட் டிஸ்கில் இடம் போதாது. வேலை முடிந்ததும் மூலப் பதிவுகளை அழித்துவிடுவேன். மற்ற நாள்களின் பதிவுகளில் வந்து விழுந்த நூற்றுக்கணக்கான தும்மல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து வெட்டி எறிந்ததும் நானேதான். சத்தத்தைச் சுத்தம் செய்வது என்று எங்கள் தொழிலில் அதற்குப் பெயர்.

"ஒண்ணு கூடவா?"

"சுத்தமா எடுத்துட்டேன்மா."

"சரி, வுடு. இப்பிடித்தான தும்முவாரு?" என்று எழுந்தார். மோவாயைத் தூக்கினார். காற்றை இழுத்தார். அந்த நிறுத்தம், அதே நிறுத்தம், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிறகு வந்தது. கடைசி "ங்" வரை அப்படியே. பக்கத்து வீட்டு மதிலுக்கு மேல் ஒரு தலை எழும்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரிப்பு நிற்கவும் வெகுநேரம் ஆனது.

இப்போது அந்த வீடு கைமாறி, இடித்து, வாடகைக் கார்கள் நிற்கிற இடமாகிவிட்டது. அந்தத் தும்மலைத் தும்ம இன்றைக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு. ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். நேற்று போனில் பேசினேன். அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளாமல் தொண்டை கட்டியிருக்கிறதாம்.