பினாங்குக் கப்பலில் போன மூதாதை

2005-இல் நாங்கள் அமெரிக்காவில், நியூஜெர்சியின் பிரிட்ஜ்வாட்டரில் இருந்தோம். என் கணவரின் மேலதிகாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை வீட்டுக்கு அழைத்தார். தமிழர்தான், அங்குள்ள தமிழர்கள் எல்லோருக்கும் அவர் அங்கிள். காபி வருவதற்குள் பரம்பரைப் பெருமையை ஆரம்பித்துவிட்டார். ஆங்கிலேயர் காலத்தில் மதராஸிலிருந்து பினாங்குக்குக் கைதிகளை ஏற்றிச் சென்ற கப்பலில் அவருடைய மூதாதை ஒருவர் தலைமைக் காவலராம்.

"அத்தனை கிரிமினல்ஸையும் ஒத்த ஆளா கன்ட்ரோல் பண்ணிருக்காரும்மா. அந்த ரத்தம்தான் எனக்கு. நான் டீம் மேனேஜ் பண்றத உன் ஹஸ்பெண்ட் பாக்கறார்ல?"

என் கணவர் வேகமாகத் தலையாட்டினார். எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

லண்டனிலிருந்து உறவினர் ஒருவர் பழைய ஆவணங்களை நகலெடுத்து அனுப்பியிருந்தார். அந்தக் கால ஆங்கிலக் கையெழுத்து அங்கிளுக்குப் பிடிபடவில்லை. "நீ ஹிஸ்டரி எம்.ஏ. தானே? சும்மாதானே வீட்ல இருக்கே. படிச்சு ஒரு ஸ்பீச் எழுதிக் குடு. பொங்கல் ஃபங்ஷன்ல பேசணும்" என்றார்.

எனக்கு அப்போது வேலை செய்ய அனுமதி இல்லை. என் படிப்பு அந்த நாட்டில் ஒருவருக்குத் தேவைப்பட்டதே என்று, வெட்கமில்லாமல், சந்தோஷப்பட்டேன். இரண்டு வாரம் பூதக்கண்ணாடியும் கையுமாகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன்.

மூதாதையின் பெயர் இருந்தது. தகப்பன் பெயர், ஊர் எல்லாம் அங்கிள் சொன்னபடியே. ஆனால் காவலர் பட்டியலில் இல்லை. கைதிகள் பட்டியலில், மாடு திருடியவர் என்று. நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தியிருந்தார்கள்.

கூடவே கப்பல் தலைவரின் கடிதம் ஒன்று. நடுக்கடலில் புயலடித்துக் கப்பலுக்குள் தண்ணீர் ஏறியிருக்கிறது. காவலர்கள் முதல் வேலையாகப் படகை இறக்கித் தாங்கள் ஏறப் பார்த்திருக்கிறார்கள். வேறு வழியின்றித் தலைவர் கைதிகளின் விலங்கைக் கழற்றச் சொன்னார். அவர்கள் மூன்று நாள் கைப்பம்பை விடாமல் அடித்துத் தண்ணீரை வெளியேற்றியிருக்கிறார்கள். அதில் முன்னால் நின்ற நாலு பேருக்குத் தண்டனையைக் குறைக்கும்படி, பெயர்களைக் குறிப்பிட்டுத் தலைவர் சிபாரிசு செய்திருந்தார். நம்மவர் இரண்டாவது பெயர். அதனால்தான் அவர் ஊர் திரும்பினார், வம்சம் தழைத்தது, அங்கிள் நியூஜெர்சியில் டீம் மேனேஜ் செய்கிறார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அவருக்கும் இருக்கும் என்று நம்பிய முட்டாள் நான். எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே அவர் முகம் சுருங்கியது.

"இது வேற யாரோ. சேம் நேம்."

"அப்பா பேரு, ஊரு எல்லாம் மேட்ச் ஆகுது அங்கிள். கப்பலையே காப்பாத்தியிருக்கார்."

"மாட்டுத் திருடன்னு மேடையில சொல்லச் சொல்றியா? எங்க குடும்பத்துல அந்த மாதிரி கிடையாதும்மா."

நகல்களை வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்து மூடினார். பயந்து ஓடப் பார்த்த காவலர்களில் ஒருவராக இருந்தாலும் பரவாயில்லை, அவருக்குச் சீருடை போட்ட தாத்தா வேண்டும். ஆங்கிலேயனிடம் சம்பளம் வாங்கியவர் கௌரவம். அவனிடம் விலங்கு வாங்கியவர் அவமானம்.

பொங்கல் விழாவில் அவரே எழுதிய உரையை வாசித்தார். புயல் வந்தது. கைதிகள் கலகம் செய்தார்கள். தலைமைக் காவலர் தனியாளாக அவர்களை அடக்கிக் கப்பலைக் கரைசேர்த்தார். நான் எழுதிக் கொடுத்ததிலிருந்த மூன்று நாளை மட்டும் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார். வாயில் கேசரியோடு கூட்டம் கைதட்டியது.

என் கணவர் முழங்கையால் இடித்தார். "தட்டு. நம்மளத்தான் பாக்கறார்."

தட்டினேன். சத்தமாகவே தட்டினேன். அந்தக் கூட்டத்தில் உண்மை தெரிந்திருந்தும் தட்டியவள் நான் ஒருத்திதான்.

கோடையில் மறுபடி கூப்பிட்டார். மாடிப்படிக்கு எதிரே பெரிய எண்ணெய் ஓவியம் மாட்டியிருந்தது. தலைப்பாகை, கையில் துப்பாக்கி, காலடியில் சுருண்டு கிடக்கும் கைதிகள்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"மீசை நல்லா வந்திருக்கு அங்கிள்" என்றேன். நெற்றியை ஓவியர் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்.