அவளுக்கு ஒன்றும் தோன்றாதிருந்த காலம்

பேத்தியை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது என் மனைவியின் முகத்தில் எதுவும் நடக்கவில்லை. திருச்செங்கோட்டில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி. துண்டில் சுற்றிய குழந்தையை நர்ஸ் நீட்ட, அவள் வாங்கினாள். தலைக்குக் கீழே கையைச் சரியாகக் கொடுத்தாள். துண்டு நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். பிறகு "புடிங்க" என்று என்னிடம் தந்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். பஸ்ஸில் யாரோ கொடுத்த பையை மடியில் வைத்திருந்துவிட்டு, அவர்கள் இறங்கும்போது திருப்பிக் கொடுப்போமே, அதுபோல இருந்தது. சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கட்டிலில் படுத்திருந்த மகள் மட்டும் அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் மகள் என்னிடம் சொன்னாள்: "அப்பா, அம்மாளுக்கு என்னமோ ஆயிப்போச்சுங்கப்பா. நீங்க மறுபடி ரிக்குக்குப் போவாதீங்க."

நான் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் இருபத்தாறு வருடம் இருந்தவன். முதல் நான்கு வருடம் சமையல்காரனாக, அதன் பிறகு டிரில்லராக. சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் என்று வண்டி போகும் இடமெல்லாம் போனேன். ஏழெட்டு மாதத்துக்கு ஒருமுறை மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்கு வருவேன். வந்தால் இருபது நாள். மற்ற நாட்களில் எனக்கும் அவளுக்கும் இடையில் இருந்தது போன்தான். நான் "சாப்டாச்சா?" என்பேன். அவள் "ஆச்சுங்க" என்பாள். "வேற?" என்பேன். "ஒண்ணுமில்லீங்க" என்பாள். இருபத்தாறு வருடமும் இப்படியே பேசினோம். அதில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

மகள் சொன்னதற்காகத்தான் ஒரு மாதம் லீவை நீட்டினேன். பெரிய அன்பினால் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். கம்ப்ரசர் சத்தத்திலேயே வாழ்ந்தவனுக்கு வீட்டின் அமைதியில் எதுவும் சரியாகக் கேட்காது. ஆனால் கண் பார்க்கும் அல்லவா? அந்த மாதத்தில் பார்த்தேன். அவள் காலையில் இரண்டு வரிக்கியை டீயில் நனைத்துத் தின்றாள். மத்தியானம் எனக்குச் சோறு போட்டுவிட்டு, நான் எழுந்த பிறகு அடுப்படியில் நின்றபடியே, சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்து ஊறுகாயோடு முடித்துக்கொண்டாள். இரவில் மறுபடியும் டீ. மார்கழிக் குளிரில் நெற்றியில் வேர்வை வழிய எழுந்து போய், வாசலில் இருக்கும் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பாள். கேட்டால் "வெந்து போவுதுங்க" என்பாள். சேலை மாற்றுவதற்குக்கூட இரண்டு நாள் ஆகும். அவள் அப்படி இருந்தவள் அல்ல. ஊரில் முதல் வாசல் எங்கள் வாசல்தான் கூட்டப்பட்டிருக்கும்.

ஒருநாள் உட்காரவைத்துக் கேட்டேன். மாதவிலக்கு தவறித் தவறி வந்து இரண்டு வருடம் இருக்கும் என்றாள். ஆறு மாதம் நின்றுவிட்டு, பிறகு ஒரேயடியாகப் பெருகுமாம்.

"ஏம்புள்ள சொல்லல?"

"போன்ல எப்படிங்க சொல்றது? பக்கத்துல டிரைவரு, ஹெல்ப்பரு அல்லாரும் இருப்பாங்க."

வண்டியில் எல்லோரும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவோம்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மாவிடம் கேட்டதற்கு, "பொம்பளைக்கு இது வாரதுதான் சாமி. நாங்கெல்லாம் தாண்டி வரலியா? ஒரு வருசம் போனா அல்லாம் சரியாப் போயிரும்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மகள் விடவில்லை. மாமியார் வீட்டிலிருந்து குழந்தையோடு போனிலேயே அழுதாள். நாமக்கல்லில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

டாக்டருக்கு என் மகளைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும், அவ்வளவுதான். ரத்தம் எடுத்தார், ஸ்கேன் எழுதினார். பிறகு என்னை வெளியே போகச் சொல்லாமல், என்னையும் வைத்துக்கொண்டே என் மனைவியிடம் கேட்டார்: "அம்மா, வாழ்ந்தது போதும்னு எப்பவாச்சும் தோணுதுங்களா?"

அவள் மேசைமீது இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சாவோணும்னு இல்லீங்க. இருக்கோணும்னும் தோணல."

கறிவேப்பிலை தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். எனக்குப் பயமோ அழுகையோ வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு கைகளையும் தொடைமீது வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் நிதானமாக விளக்கினார். மாதவிலக்கு நிற்கிற காலத்தில் உடம்பில் சுரப்புகள் மாறுகின்றன. சிலருக்கு எரிச்சல் வரும், சிலருக்கு அழுகை வரும், சிலருக்கு இப்படி எல்லாமே மரத்துப் போகும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வைத்தியம் இருக்கிறது என்றார். ரத்தமும் மிகக் குறைவாக இருந்தது. அதற்கு மாத்திரை எழுதினார். மனநல டாக்டர் ஒருவருக்குக் கடிதம் கொடுத்து, அந்த வாரத்திலேயே பார்க்கச் சொன்னார். கடைசியில் என்னிடம் திரும்பினார். "மருந்து ஒரு பக்கம் வேலை செய்யும். ஆனா இவங்க சாப்பிடறதே இல்லை. ராகி, கீரை, பயிறு, மோர், தினம் ஒரு முட்டை, வெயில்ல கொஞ்ச நடை. டீயைக் குறைங்க. முக்கியமா, தனியாச் சாப்பிட விடாதீங்க. வீட்டுல யாரு சமைக்கறாங்க?"

"இவளேதாங்க."

"கொஞ்ச காலத்துக்கு வேற யாராவது செய்ய முடியுமா?"

வேறு யாரும் இல்லை. முதலாளிக்குப் போன் செய்து வேறு டிரில்லரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

முதல் நாள் கை பழக்கத்தில் எட்டுப் பேருக்குப் பருப்பு வேகவைத்துவிட்டேன். ரிக் சமையல் என்பது பசியோடு வருகிறவர்களுக்கான சமையல். காரம் இருந்தால் போதும், மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பசியே இல்லாத ஒருத்திக்கு எப்படிச் சமைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் ராகிக் களியும் கீரைக் கடைசலும் செய்தேன். மத்தியானம் அரிசியும் பருப்புமாக ஒரு சோறு, இல்லாவிட்டால் பச்சைப்பயிறு கடைந்து வைப்பேன். சாயங்காலம் வேகவைத்த நிலக்கடலை. முட்டைக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. வெளியே எங்கே திரும்பினாலும் கோழிப்பண்ணைதான். ஆனால் முதல் வாரம் அவளுக்குப் பாதி முட்டைக்கு மேல் இறங்கவில்லை. நான் தட்டைப் போட்டு எதிரே உட்காருவேன். அவள் மென்றுகொண்டே சுவரைப் பார்ப்பாள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் "இருக்குதுங்க" என்பாள். உப்புப் போட மறந்த நாளும் அதையேதான் சொன்னாள்.

காலை வெயில் ஏறுவதற்குள் பஸ் ஸ்டாப் வரை நடந்து திரும்புவோம். அவள் முன்னால், நான் பின்னால். வழியில் பேச்சு இருக்காது. ஆண்கள் சிலர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "ரிக்கை வித்துட்டுக் கரண்டி வாங்கிட்டாப்ல" என்று டீக்கடையில் ஒருவன் என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னான். விழுந்தது. அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை.

மனநல டாக்டரின் மாத்திரை பிடிக்க ஆறேழு வாரம் ஆனது. முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் மாற்றினார். நடுவில் எனக்கு டெங்கு வந்து நாமக்கல்லில் அட்மிட் ஆனேன். அப்போது அவளுடைய தங்கை ராசிபுரத்திலிருந்து வந்து பத்து நாள் இருந்தாள். கலகலப்பான பெண். சமைத்தாள், தலைவாரி விட்டாள், டிவி பார்த்து இருவருக்குமாகச் சேர்த்துச் சிரித்தாள். நான் வந்ததும் "மாமா, அக்கா நேத்து கொஞ்சம் சிரிச்சா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த நாளிலிருந்து மறுபடியும் நான்.

மாற்றம் எந்த நாளில் தொடங்கியது என்று கேட்டால் ஒரு மத்தியானத்தைச் சொல்வேன். தட்டைப்பயிறுக் குழம்பு. ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்புப் பத்தலீங்க" என்றாள். நான் எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்து வந்தேன். அவள் போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் நாலைந்து மாதத்தில் வாசல் கூட்டினாள். மகளுக்கு அவளாகவே போன் போட்டாள். தொட்டிச் சுவரில் போய் நிற்பது குறைந்தது. ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலையில் அடுப்படிக்கு வந்து, "நவுருங்க, களி கிண்டற லட்சணமா இது?" என்று துடுப்பை வாங்கிக்கொண்டாள். டாக்டர் மாத்திரையை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார்.

இதெல்லாம் நடந்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது அவள் நன்றாக இருக்கிறாள். கோபப்படுகிறாள், சிரிக்கிறாள், பேத்திக்கு மூச்சுவிடாமல் முத்தம் கொடுக்கிறாள். நான் மறுபடி ரிக்குக்குப் போகவில்லை. இரண்டு மாடு வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

போன வாரம், எங்கள் பக்கத்துக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி சாயங்காலம் வந்திருந்தாள். ஐம்பதை நெருங்குகிறவள். வாசலில் உட்கார்ந்து, இராத்திரி தூக்கமில்லை, யாரைப் பார்த்தாலும் அழுகை வருகிறது என்று சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். நான் உள்ளே கட்டிலில் படுத்திருந்தேன்.

"எனக்கும் அப்படித்தான் கண்ணு இருந்துச்சு" என்றாள் என் மனைவி. "அழுகைகூட வல்ல. அந்த ரெண்டு வருசம் அல்லாம் ஒரே பொகையாட்டம் இருக்குது, ஒண்ணும் நெனப்புல இல்ல. நீ மொதல்ல டாக்டரப் பாரு. வெக்கப்படாத. டீயக் குடிச்சே பொழுத ஓட்டாத, நேரத்துக்கு உக்காந்து சாப்புடு. ராகி, கீரை, முட்டை. எனக்கு அப்ப என்ற தங்கச்சி வந்து இருந்து ஆக்கிப் போட்டா. வருசம் முழுக்க எதுத்தாப்ல உக்காந்து ஊட்டாத கொறையா ஊட்டுனா. அவ இல்லீன்னா நான் இல்ல."

"அண்ணன் அப்ப எங்கீங்கக்கா இருந்தாரு?"

"அவரு ரிக்குல இருந்தாரு."

பொய் சொல்லவில்லை அவள். குரலில் குறை ஒன்றும் இல்லை. அவளுக்குத் தெரிந்ததை அப்படியே சொன்னாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்து போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன். என்னவென்று சொல்வது? அவளைப் பொறுத்தவரை அந்த வருடத்தில் நான் வீட்டில் இல்லை. அதற்கு முந்தைய இருபத்தாறு வருடமும்தான் நான் இல்லை.

"ஏனுங்க, தூங்கிட்டீங்களா?" என்று வாசலிலிருந்து கூப்பிட்டாள். "இந்தப் புள்ளைக்கு நாலு முட்டை எடுத்தாங்க. ராகி மாவும் ஒரு படி போட்டுக் குடுங்க."

எழுந்து போய் மாவை அளந்தேன். முட்டைகளை ஒவ்வொன்றாகக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்து, நல்லதாக நான்கு எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.