பெஞ்சில் ஒரு மாப்பிள்ளை

வைத்தீஸ்வரன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படிக்கப் போவதாகச் சொன்ன அன்று, அவர் மனைவி ஜலஜா கேட்ட முதல் கேள்வி, "பெஞ்சு தாங்குமா?" என்பது.

"தாங்கும். தாங்கலேன்னா நின்னுண்டு படிக்கறேன்" என்றார் அவர்.

ஜலஜாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். கேலி பேசாமல் அவளால் மூச்சு விட முடியாது. கல்யாணத்தில் நலங்கின்போது மாப்பிள்ளை தலையைச் சுற்றி உடைக்க வேண்டிய அப்பளத்தைச் சத்தமில்லாமல் தின்றுவிட்டு, வெறுங்கையை விரித்துக் காட்டியவள். தன் எதிர்காலம் எப்படி இருக்கும் என்று வைத்தீஸ்வரனுக்கு அன்றே ஓரளவு புரிந்துபோயிற்று.

அவர் மாயவரம் பக்கம். மெட்ரிக்குலேஷன் தேறி, மதராஸில் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு, ரயிலேறிக் கல்கத்தாவுக்கு வந்தவர். பவானிபூரில் இருந்த லக்ஷ்மிநாராயணன் என்கிற பெரிய கிளார்க் சிபாரிசு செய்து, கிளைவ் தெருவில் ஒரு சணல் கம்பெனியில் சேர்த்துவிட்டார். காலையிலிருந்து சாயங்காலம் வரை கடிதம் அடிக்கிற வேலை. சணல் விலை ஏறிற்று, இறங்கிற்று, கப்பல் கிளம்பிற்று, கப்பல் வரவில்லை, எல்லாம் அவர் விரல் வழியாகப் போயிற்று. தலை வழியாகப் போகவில்லை. ஒருநாள், தான் அடித்த கடிதத்தில் ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று கணக்குப் பிரிவில் போய்க் கேட்டார். "டைப்பிஸ்டுக்கு அர்த்தம் எதற்கு?" என்று அங்கே எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்து இடத்தில் உட்கார்ந்தார். ஆனால் அந்தச் சிரிப்பு செருப்புக்குள் போன கல் மாதிரி அவரோடேயே நடந்தது.

போபஜாரில் ஒரு வணிகப் பள்ளி இருந்தது. கணக்கு எழுதுவது, வியாபாரக் கடிதம், பாங்க் நடைமுறை எல்லாம் பகல் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். படிக்கிறவர்கள் அரும்பு மீசைப் பையன்கள்.

"படிச்சு?" என்றாள் ஜலஜா.

"சொந்தமா வியாபாரம் பண்ணணும். என் பேர் போட்ட காகிதத்துல நானே அர்த்தம் தெரிஞ்சு ஒரு கடுதாசி எழுதணும்."

ஜலஜா வாயைத் திறந்தாள். கேலியாக ஒன்றும் வரவில்லை. அவளுக்கே ஆச்சரியம். "அப்படின்னா சாப்பாட்டுக்கு நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

அவள் பார்த்துக்கொண்ட விதம் இது. பவானிபூரில் கல்யாணமாகாத தமிழ்ப் பையன்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பகலெல்லாம் ஆபீஸில் இங்கிலீஷ் எழுதிவிட்டு, ராத்திரி கடுகெண்ணெய்ச் சமையலைப் பார்த்துக் கண்ணீர் விடுகிற கூட்டம். அவர்களில் மூன்று பேருக்கு இரண்டு வேளையும் இலை போட்டாள். மாதம் பிறந்தால் அவர்கள் பணம் தருவார்கள். மூவரில் மூத்தவன் ராஜாராமன், ரயில்வே ஆபீஸ்காரன். பேச்சில் அவளுக்குச் சமமாக நிற்கக்கூடிய ஒரே ஆள்.

லக்ஷ்மிநாராயணனுக்கு மட்டும் ஆறவில்லை. "நான் குடுத்த நாற்காலியைக் காலால உதைச்சுட்டான்" என்று டிராமில் ஏறுகிறவர் இறங்குகிறவரிடமெல்லாம் சொன்னார். வைத்தீஸ்வரன் அவரைக் கண்டால் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வணக்கம் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்.

பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவரை 'மத்ராஜி தாதா' என்று கூப்பிட்டார்கள். அண்ணன் என்ற மரியாதையும் இருந்தது, கிண்டலும் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அன்றைய பாடத்தை ஜலஜாவிடம் ஒப்பிப்பார். அவள் வாழைக்காய் சீவிக்கொண்டே கேட்பாள்.

"ஏன்னா, எனக்கு உங்க மேல கோவம். அது டெபிட்டா, கிரெடிட்டா?"

"யார் கணக்குல?"

"அதையும் நானா சொல்லணும்? படிக்கறது நீங்களா நானா?"

பிற்காலத்தில் வைத்தீஸ்வரன் ஒரு ஏஜென்ஸி வைத்தார், பவானிபூரில் அவர் பெயர் போட்ட பலகை தொங்கிற்று, தெற்கேயிருந்து சரக்கு வரவழைத்து நாலு பேருக்கு வேலை கொடுத்தார். தெரிந்தவர்கள் அந்தப் பலகையைப் பற்றித்தான் பேசுவார்கள். ஜலஜாவைக் கேட்டால் அவள் வேறொரு நாளைப் பற்றிச் சொல்வாள். 1909-ஆம் வருஷத்து மாசி மாதம், அவள் அப்பா மஹாதேவய்யர் வந்திருந்த சமயம்.

மஹாதேவய்யர் காசி, கயை போகிற வழியில் பெண்ணைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்ததும் வீடு கலங்கிப்போயிற்று. காரணம் இருந்தது. ஜலஜாவின் அக்கா சாவித்ரியின் புருஷனுக்குத் திருச்சியில் வேலை போனபோது, மஹாதேவய்யர் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பெண்ணை அழைத்துவந்துவிட்டார். "வேலை கிடைச்சதும் வந்து கூட்டிண்டு போங்கோ மாப்பிள்ளை" என்று மரியாதையாகத்தான் சொன்னார். சாவித்ரி இரண்டு வருஷமாகப் பிறந்த வீட்டில்தான் இருக்கிறாள். இப்போது ஜலஜாவையும் அழைத்துப் போய்விட்டால் இலை போட ஆள் கிடையாது. இலை இல்லாவிட்டால் பணம் கிடையாது. பணம் இல்லாவிட்டால், பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வைத்தீஸ்வரன் பெஞ்சிலிருந்து எழுந்து, பழைய கம்பெனிக்கே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"உண்மையைச் சொல்லிடலாமே" என்றார் வைத்தீஸ்வரன்.

"சொல்லலாம். அவர் கயைக்குப் போய்ச் சேர்ந்தப்புறம் சொல்லலாம்" என்றாள் ஜலஜா. அவள் கண்ணில் ஒரு பளபளப்பு வந்துவிட்டது. நலங்கில் அப்பளம் தின்றபோது வந்த அதே பளபளப்பு.

நல்ல வேளையாக லக்ஷ்மிநாராயணன் லீவில் ஊருக்குப் போயிருந்தார். மற்றவர்களுக்கு ஜலஜா பாடம் நடத்தினாள். வைத்தீஸ்வரன் கம்பெனி நாளில் போலவே கோட்டும் தலைப்பாகையுமாகக் கிளம்ப வேண்டும். சாப்பிட வருகிற மூன்று பேரும் விருந்தாளிகள். வாசலில் நின்று, "வாங்கோ வாங்கோ" என்று கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வர வேண்டும்.

"தினம் ரெண்டு வேளையும் விருந்தா மன்னி? உங்கப்பா என்ன நினைச்சுப்பார்?" என்றான் ராஜாராமன்.

"கல்கத்தாவுல உன்னை மாதிரி வெட்கம் கெட்டவா ஜாஸ்தின்னு நினைச்சுப்பார். அது உண்மைதானே?"

மஹாதேவய்யர் வந்தார். கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு, ஆற்றுத் தண்ணீரையும் ஆட்களையும் திட்டிக்கொண்டே காலம் தள்ளியவர். உத்தியோகம் என்றால் அவருக்குச் சாமி மாதிரி. முதல் நாள் விருந்தாளிகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். இரண்டாம் நாள் யோசித்தார். மூன்றாம் நாள் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏண்டி, இவாளுக்கெல்லாம் வீடு வாசல் கிடையாதா?" என்று கேட்டார்.

"அப்பா, இங்க எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி."

"குடும்பம்னா ஒருநாளாவது பதிலுக்கு அவா கூப்பிட மாட்டாளா?"

ஜலஜா இருமிக்கொண்டே சமையலறைக்குள் போய்விட்டாள்.

அப்புறம் ஒருநாள் காலையில், வைத்தீஸ்வரன் கிளம்பிப் போனதும் மஹாதேவய்யர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மாப்பிள்ளை ஆபீஸை ஒருதரம் கண்ணால பார்த்துட்டு வந்துடணும். உள்ள போக வேண்டாம். வெளியில நின்னு பார்த்தாப் போறும். ஊர்ல எல்லாரும் கேப்பா."

இதற்கும் ஜலஜா தயாராகத்தான் இருந்தாள். மாஷீமா என்று அவள் கூப்பிடுகிற மாடிவீட்டு வங்காளி மாமியிடம் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அப்பாவோடு டிராம் ஏறினாள். மைதானம் வந்தபோது மஹாதேவய்யர் ஜன்னலோரம் நகர்ந்தார். "இவ்வளவு நிலத்தை யாரும் உழாம வெச்சிருக்காளே! வெள்ளைக்காரனுக்குப் புத்தியே கிடையாதா?" என்று பக்கத்தில் இருந்த வங்காளிப் பெரியவரிடம் தமிழிலேயே கேட்டார். அவரும் ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார்.

லால்திகிக் குளத்துக்கு எதிரே இறங்கினார்கள். பழைய கம்பெனி பக்கம் போனால் தெரிந்தவர் யாராவது வந்துவிடுவார்கள். அதனால் ஜலஜா முன்பே ஒரு கட்டடத்தைப் பொறுக்கி வைத்திருந்தாள். ஏதோ ஒரு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி. சிவப்புக் கல், வரிசையாகத் தூண், வாசலில் தொங்குமீசை வைத்த காவல்கார தர்வான்.

"அதோ மேல, மூணாவது ஜன்னல். அங்கதான் உட்கார்ந்திருப்பார்."

மஹாதேவய்யர் அண்ணாந்து பார்த்தார். உதட்டை அசைத்து ஜன்னல்களை எண்ணினார். பிறகு ஜலஜா நினைத்தே பார்க்காத ஒரு காரியம் செய்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நடுத்தெருவில், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி அந்தக் கட்டடத்தைக் கும்பிட்டார். "என் குழந்தைக்குச் சோறு போடற இடம்" என்றார். கண்ணை மூடியிருந்தார். தர்வான் பயந்துபோய் இவருக்கு ஒரு சலாம் வைத்தான்.

ஜலஜாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போய் ராஜாராமனிடம் நடித்துக்காட்ட இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. ஆனால் சிரிப்பு பாதி வழியிலேயே நின்றுவிட்டது. யாரோ முன்பின் தெரியாதவன் கட்டிய செங்கலுக்கு அப்பா பெருமைப்படுகிறார். பெருமைப்பட வேண்டிய ஆள் நாலு தெரு தள்ளி, பையன்களுக்கு நடுவே, சுண்ணாம்புக் கட்டியும் கையுமாக இருக்கிறார். அவருக்குச் சேர வேண்டிய கும்பிடு இது. அதைக் கொண்டுபோய்ச் சுவருக்குக் கொடுத்தவள் அவள்தான்.

"செருப்பைப் போட்டுக்கோங்கோ அப்பா."

"ஏன், கிளம்பிட்டியா? இன்னும் கொஞ்ச நாழி பார்க்கறேனே."

"இது இல்லை அப்பா. வாங்கோ."

அவள் போபஜார் பக்கம் நடந்தாள். ஏதோ விபரீதம் என்று மட்டும் தெரிந்து, அவரும் வேகமாக நடந்து வந்தார். பள்ளியின் கீழ்த்தள வகுப்புக்குத் தெருவைப் பார்த்த ஜன்னல் இருந்தது. ஜலஜா கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே காட்டினாள். உள்ளே கரும்பலகை பக்கத்தில் கோட்டும் தலைப்பாகையுமாக வைத்தீஸ்வரன் நின்றுகொண்டிருந்தார். எதிரே கண்ணாடி போட்ட ஒரு இளவயசு வாத்தியார்.

ஜலஜா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். வேலையை அவரே விட்டது, படிப்பு, இன்னும் இரண்டு மாதத்தில் பரீட்சை, எல்லாம்.

மஹாதேவய்யரின் முகம் இறுகிற்று. "மாப்பிள்ளையை நிக்க வெச்சிருக்கானே! அவனுக்கு மாப்பிள்ளை வயசுகூட இருக்காது போலிருக்கே!"

உள்ளே வைத்தீஸ்வரன் ஏதோ எழுதினார். வாத்தியார் தலையை ஆட்டினார். தப்பு. பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"சிரிக்கறாளேடி அவரைப் பார்த்து!"

"அவரும் சிரிக்கறாரே அப்பா. பாருங்கோ."

உண்மைதான். வைத்தீஸ்வரன் சிரித்துக்கொண்டே கரும்பலகையை அழித்தார். மறுபடி எழுதினார். அதுவும் தப்பு. மறுபடி அழித்தார். கோட்டின் கையெல்லாம் வெள்ளைப் பொடி. சற்று யோசித்து, மெதுவாக, ஒவ்வொரு வரியாக எழுதினார். வாத்தியார் பலகையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், போய் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். பையன்கள் மேஜையைத் தட்டி, "மத்ராஜி தாதா!" என்று கத்தினார்கள். வைத்தீஸ்வரன் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். பெஞ்சு தாங்கிற்று.

மஹாதேவய்யர் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "சாவித்ரி ஆம்படையான் வேலை போனதுலேர்ந்து கட்டிலை விட்டு எழுந்துக்கலை" என்றார், யாரிடமோ சொல்வது போல.

டிராமில் திரும்பும்போது, "சாப்பாட்டுக்கு என்னடி வழி?" என்று கேட்டார்.

"அந்த விருந்தாளிகள் பணம் குடுத்துச் சாப்பிடறா அப்பா."

அவர் சற்று யோசித்தார். "அதானே பார்த்தேன். அந்த ராஜாராமன் மூணாம் தரம் ரசம் கேக்கறச்சே அதிகாரமா கேட்டானே!"

"என்னை ஊருக்குக் கூட்டிண்டு போயிடுவேளா?"

அவர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். இந்தத் தரம் அதைத் திட்டவில்லை.

சாயங்காலம் வைத்தீஸ்வரன் வந்தார். நடந்தது எதுவும் தெரியாத மனிதர், ஜலஜா சொல்லிக் கொடுத்தபடியே தலைப்பாகையைக் கழற்றி, பெருமூச்சு விட்டு, "இன்னிக்கு துரை விடவே இல்லை. ஒரே வேலை" என்றார்.

"அப்படியா? துரை கரும்பலகையில எழுதச் சொன்னானோ?" என்றார் மஹாதேவய்யர்.

வைத்தீஸ்வரன் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அவர் எழுந்து நின்றார். "மன்னிக்கணும். நான் வேலையை..."

"உட்காருங்கோ மாப்பிள்ளை. இன்னிக்கு நின்னது போறும்." மஹாதேவய்யர் குரலைத் தணித்துக்கொண்டார். "நான் நாளைக்குக் கயைக்குக் கிளம்பறேன். ஜலஜா இங்கயே இருக்கட்டும். அவளை அழைச்சுண்டு போயிட்டா உங்களுக்கு யார் சாதம் போடுவா? ஊர்ல மாப்பிள்ளை என்ன பண்றார்னு கேப்பா. படிக்கறார்னு சொல்லப்போறேன். ஆனா அந்தப் படிப்போட பேர் என்ன? எனக்கு ஒருதரம் சொல்லிக் குடுங்கோ. நாலு பேர் முன்னால தப்பாச் சொல்லிடக்கூடாது பாருங்கோ."

வைத்தீஸ்வரன் கோட்டுக் கையிலிருந்த சுண்ணாம்புப் பொடியைத் தட்டிவிட்டார். "புக் கீப்பிங்" என்றார்.

"புக் கீப்பிங்" என்றார் மாமனார். கூடத்தில் இரண்டு தரம் நடந்துகொண்டே சொல்லிப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போனார்.

விருந்தாளிகள் வருகிற நேரம். ராஜாராமன் வாசலில் நின்று, வழக்கம்போல "வாங்கோ வாங்கோ" வருகிறதா என்று காத்திருந்தான். மஹாதேவய்யர் அவன் தோளில் கையைப் போட்டுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உனக்கு விஷயம் தெரியுமோ? எங்க மாப்பிள்ளை புக் கீப்பிங் படிக்கறார். உட்கார்ந்த வேலையை விட்டுட்டுப் படிக்கறார். சாதாரண மனுஷாளுக்கு வராது அது."

ராஜாராமன் உள்ளே எட்டி ஜலஜாவைப் பார்த்தான். அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேசாதே என்று கரண்டியைக் காட்டினாள்.

"அப்படியா மாமா?" என்றான் ராஜாராமன். "எனக்கு இதுவரைக்கும் தெரியவே தெரியாதே! ஆதியோடந்தமாச் சொல்லுங்கோ."

மஹாதேவய்யர் ஆரம்பித்தார்.